மால் வருகிறது: வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன் எதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்?

தெருவிளக்கு:
வடசென்னையில் எங்கள் பகுதியில், பழைய தொழிற்கூடம் இருந்த நாலு ஏக்கர் இடத்தில் மால் வரப்போகிறது. சுற்றிலும் தகரம் அடித்தாயிற்று, வானம் தோண்டும் வேலை இன்னும் தொடங்கவில்லை. தரைக்குக் கீழே இரண்டு தளம் பார்க்கிங், மேலே கடைகள், உச்சியில் தியேட்டர். பின்பக்கம் இருபதடித் தெரு. அதை ஒட்டி நாற்பது ஐம்பது வருஷத்து வீடுகள்.

குடியிருப்போர் சங்கத்தில் கருத்து இரண்டாகக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், வீட்டு மதிப்பு ஏறும் என்று ஒரு சாரார். நெரிசல், தண்ணீர்ப் பிரச்சினை, நடைபாதைக் கடைக்காரர்கள் கதி என்ன என்று இன்னொரு சாரார். வேண்டும், வேண்டாம் என்று பேசியே நாள் போகிறது. கட்டத்தான் போகிறார்கள் என்றால், எதைக் கேட்பது, யாரிடம், எப்போது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்திவாரம்:
முதல் கவலை பின்தெரு வீடுகள்தான். மற்றதையெல்லாம் பிறகுகூடப் பேசிச் சரிசெய்யலாம், விரிசல் விட்ட சுவரை அப்படிச் செய்ய முடியாது.

இரண்டு தளம் கீழே போக வேண்டுமென்றால் குழி எட்டு ஒன்பது மீட்டர் ஆழம், கிட்டத்தட்ட முப்பது அடி. பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் நாலைந்து அடிதான் இருக்கும். குழியில் ஊறும் நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைப்பார்கள். சுற்றுப்புறத்தில் நிலத்தடி நீர் இறங்கும்போது களிமண் அடுக்கு அமுங்கும், மேலே இருக்கும் வீடும் சேர்ந்து இறங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய சேதம் இல்லை. குழிப்பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறங்குவதால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது.

குழியிலிருந்து வெளியே விடும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்துப் பத்து நிமிஷம் அசையாமல் வையுங்கள். அடியில் மெல்லிய மணல் படிந்தால் நீரோடு மண்ணும் வருகிறது என்று அர்த்தம். தோண்டத் தொடங்கிய முதல் சில நாள் கொஞ்சம் வரலாம். வாரக்கணக்கில் தொடர்ந்து வந்தால் உங்கள் தெருவுக்கு அடியிலிருந்துதான் அந்த மணல் கிளம்புகிறது. தேதி போட்டுப் படம் எடுத்து, அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள்.

தோண்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: எல்லையை ஒட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் இருதரப்புக் கையெழுத்தோடு ஒரு நிலை அறிக்கை. சுவர், கூரை, தரை, கிணறு எல்லாவற்றுக்கும் படம், இருக்கிற விரிசலின் நீளம் அகலம் எல்லாம் அதில் வர வேண்டும். இது இல்லாமல் பிறகு போய்ச் சொன்னால், "அது பழைய விரிசல்" என்ற ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். அடுத்து, மண்ணைத் தாங்க என்ன சுவர், தொடர் கான்கிரீட் சுவரா, இடைவெளி விட்ட பைல்களா (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்கள்)? நீர்மட்டம் மேலே இருக்கும் மணற்பாங்கான இடத்தில் இடைவெளி விட்ட பைல் போதாது, சந்து வழியாக மணல் ஒழுகும். மூன்றாவது, கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் பாலிசி, அதாவது கட்டுமான வேலைக்கு எடுக்கும் காப்பீடு. அதில் மூன்றாம் தரப்புச் சேதம் இருந்தால் மட்டும் போதாது. அதிர்வாலும், பக்கத்து வீட்டைத் தாங்கும் மண் விலகுவதாலும் வரும் சேதத்துக்குத் தனியாகப் பிரிவு சேர்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். நகலை வாங்கிப் படியுங்கள்.

மழைநீரையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ஏக்கர் என்பது சுமார் 16,000 சதுர மீட்டர். 100 மி.மீ. மழைக்கு அந்த இடத்தில் விழுவது 16 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 130க்கு மேல். மண்தரையாக இருந்தவரை ஒரு பகுதி உள்ளே இறங்கியது. இனி பெரும்பாலும் கூரையும் கான்கிரீட்டும். முடிவான தரைமட்டம் உங்கள் தெருவைவிட எவ்வளவு உயரம், கீழ்த்தளத்திலிருந்து இறைக்கும் நீர் எந்த வடிகாலில் போய்ச் சேரும் என்று வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

நாற்சந்தி:
நெரிசலுக்குக் காரணம் மாலின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். வாசல் எங்கே, சீட்டுக் கொடுக்கும் இடம் எங்கே என்பதுதான் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது.

ஒரு காருக்குச் சீட்டுக் கொடுத்துத் தடுப்பைத் தூக்க 12 வினாடி என்று வையுங்கள். ஒரு வழியில் மணிக்கு 300 கார் போகும். ஞாயிறு மாலை 360 வந்தால் ஒரு மணி நேரத்தில் 60 கார் வெளியே தேங்கும். காருக்கு ஆறு மீட்டர் வைத்தாலும் 360 மீட்டர் வரிசை. பேருந்தும் ஆம்புலன்ஸும் அந்த வரிசைக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதனால் தடுப்பு சாலையோரத்தில் வரவே கூடாது. வளாகத்துக்குள், முடிந்தால் சாய்தளம் இறங்கிய பிறகு. குறைந்தது இரண்டு வழியாவது வேண்டும்.

இருபதடித் தெருவில் வாசல் வேண்டாம் என்பதில் உறுதியாக இருங்கள். "அவசர வழி மட்டும்" என்று வரைபடத்தில் இருக்கும், பிறகு சரக்கு வண்டி அந்த வழியாகத்தான் வரும். விடியற்காலை லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில் தெருவே எழுந்துகொள்ளும். சரக்கு இறக்கும் இடம் வளாகத்துக்குள், லாரி முன்பக்கமாகவே வந்து திரும்பிப் போகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

ஆட்டோ, கால் டாக்ஸி ஏற்றி இறக்கவும் உள்ளேயே இடம் கேளுங்கள். இருசக்கர வாகனக் கட்டணம் உறைத்தால் வண்டிகள் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும், அதையும் பேச்சில் சேருங்கள்.

கடைவீதி:
எதிர்ப்பு மட்டுமே பேசப்படுவதால் இதைச் சொல்கிறேன். மால் வந்தால் எல்லாக் கடையும் மூடிவிடும் என்பது சரியல்ல. ரெடிமேட் துணி, செருப்பு, ஃபேன்சி, செல்போன் விற்கும் கடைகள் அடிபடும். தையல், இஸ்திரி, ஜெராக்ஸ், செல்போன் பழுது, பூ, கணக்கு எழுதிக் கொடுக்கும் மளிகை, இவற்றை மால் தொடவே தொடாது. மாலில் வேலை செய்பவர்கள் ஃபுட் கோர்ட் விலைக்குச் சாப்பிட முடியாது என்பதால் டீக்கடைக்கும் மெஸ்ஸுக்கும் வியாபாரம் கூடும்.

கடைகளை உண்மையில் காலி செய்வது வாடகை. சுற்றிலும் கட்டட உரிமையாளர்கள் எதிர்பார்ப்பிலேயே வாடகையை ஏற்றுவார்கள். வாய்வார்த்தையில் கடை நடத்துபவர்கள் இப்போதே எழுத்து ஒப்பந்தம் போட்டு, ஆண்டு உயர்வு எத்தனை சதவீதம் என்று எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து கடைகளுக்கும் இது கட்டாயம்.

நடைபாதைக் கடைகளுக்கு 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அந்த நோட்டீஸ் மாநகராட்சியிடமிருந்துதான் வர வேண்டும். மால் செக்யூரிட்டி வந்து "எடு" என்றால் அதற்கு மதிப்பில்லை.

வேலை தருகிறோம் என்று சொன்னால், எத்தனை மணி நேர ஷிஃப்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள். துப்புரவும் காவலும் காண்ட்ராக்டில்தான் போகும்.

கோப்பு:
ஆவணங்களைச் சொல்கிறேன்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் இவ்வகைக் கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. கூட்டம் போடுவார்கள், அங்கே பேசலாம் என்று காத்திருந்தால் காரியம் கைமீறிவிடும். இந்த அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடி, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு இப்போதே எழுதுங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அனுமதியில் போட்ட நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கு ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள்.

திறந்தவெளி ஒதுக்கீடு: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் உட்சாலை போக 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும், பதிலுக்குப் பணம் கட்டித் தப்ப முடியாது. உங்கள் நாலு ஏக்கரில் அது ஏறக்குறைய ஏழு கிரவுண்ட் (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி). தானப் பத்திர நகலையும் வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்த இடத்தை மாலின் சொந்தத் தோட்டம் போல வேலிக்குள் வைத்துக்கொள்ள விடாதீர்கள். அது உங்கள் பிள்ளைகள் விளையாட வேண்டிய பூங்கா.

ஜெனரேட்டர்: புகைக்குழாய் உயரம் கட்டட உயரத்தோடு ஜெனரேட்டர் திறனின் (கே.வி.ஏ.) வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கிக் கூட்டியது. 1,000 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் 6.3 மீட்டர். குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஏசி குளிர்விப்புக் கோபுரத்தின் விசிறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள்.

ஃபுட் கோர்ட் கழிவுநீருக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லையென்றால் கொழுப்பு உறைந்து தெருச் சாக்கடைக் குழாய் அடைக்கும், உங்கள் மேன்ஹோல்தான் பொங்கும்.

கடைசிப் பிடி பணிநிறைவுச் சான்றிதழ். அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்போ குடிநீர், கழிவுநீர் இணைப்போ கொடுக்கக் கூடாது. வரைபடத்துக்கு மாறாகப் பின்தெருவில் வாசல் வைத்திருந்தால், சான்றிதழ் கொடுப்பதற்கு முன்பே சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) படத்தோடு மனுக் கொடுங்கள்.

தெருவிளக்கு:
எல்லோருக்கும் நன்றி. நிலை அறிக்கைக்கு அவர்கள் இழுத்தடித்தால் நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

அஸ்திவாரம்:
செய்யலாம், செலவும் அதிகமில்லை. கண்ணாடிக் கடையில் வெட்டி மிச்சமான மெல்லிய துண்டுகளை விரலகலத்தில், அரையடி நீளத்தில் கேளுங்கள். இருக்கிற விரிசலுக்குக் குறுக்கே, பெயின்ட்டையும் சுண்ணாம்பையும் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். நடுவில் ஒட்டக் கூடாது. பெயின்ட் மேலேயே ஒட்டினால் பெயின்ட் உரிந்துவரும், கண்ணாடி உடையாது. பக்கத்தில் தேதியும் கதவு எண்ணும் எழுதி, ஒரு ஸ்கேலையும் சேர்த்து வைத்துப் படம் எடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி கீறல் விடும். வாரம் ஒருமுறை ஒரே ஆள் போய்ப் பார்க்கட்டும். ஒரு பொறியாளரை அழைத்து அறிக்கையில் கையெழுத்து வாங்கி, ஸ்பீடு போஸ்ட்டில் கட்டுநருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். முதல் பொக்லைன் உள்ளே வருவதற்கு முன் அந்த ஒப்புகை உங்கள் கையில் இருக்க வேண்டும்.