பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டால் பாமினி ஃபைல்கள் என்ன ஆகும்?

திருவல்லிக்கேணி டிடிபி:
கடையில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலைதான் அதிகம். கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்த பிராசஸர் தகுதியில்லை. புதிது வாங்க இப்போது வசதியில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறார்கள். பழைய வேலையெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் கிடக்கிறது. டைப் அடிக்கும் அக்காவுக்குப் பழைய டைப்ரைட்டர் முறைதான் பழக்கம். மாறினால் வேலை நின்றுவிடுமா?

பெரம்பூர்வாசி:
நிற்காது. ஆனால் விண்டோஸை அழித்துவிடாதீர்கள். பேஜ்மேக்கர் லினக்ஸுக்கு வந்ததே இல்லை. இலவச ஆபிஸ் தொகுப்பான லிப்ரெஆபிஸில் உள்ள டிரா அந்த ஃபைலைத் திறக்கும், ஆனால் பார்டரும் கட்டங்களும் இடம் மாறலாம். பழைய ஃபைலுக்கு நெட் இல்லாத விண்டோஸ், புது வேலைக்கு மின்ட் என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது. உங்கள் ரேமுக்கு மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

அக்கா கவலைப்பட வேண்டாம். ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டால் தமிழ்99, டைப்ரைட்டர் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளுமே வரும்.

பாமினி மேட்டரை லிப்ரெஆபிஸ் ரைட்டரில் ஒட்டினால் முதலில் ஆட்டோகரெக்டை அணைத்துவிடுங்கள். பாமினிக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்துதான். சின்ன எழுத்து தானாகப் பெரிய எழுத்தானால் தமிழில் வேறு எழுத்தே வந்து நிற்கும். மாப்பிள்ளை பெயரிலேயே தப்பு விழும்!

மயிலாப்பூர் ப்ரூஃப்:
பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் 1.6 எடுங்கள், 1.4 வேண்டாம். பழையதில் யூனிகோட் தமிழ் (பாமினி போலன்றி, தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறை) உடையும். 'கெ' அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்ஸ்டால் செய்யுமுன் பென்டிரைவிலேயே மின்டை ஓடவிட்டு பிரின்டரைச் சோதியுங்கள். சில பழைய லேசர் பிரின்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக அமையாது. பத்திரிகைக் கடைக்கு அதுதானே உயிர்!

திருவல்லிக்கேணி டிடிபி:
பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தேன். பிரின்டர் உடனே எடுத்துக்கொண்டது. அக்காவும் டைப்ரைட்டர் முறையில் அடித்துப் பார்த்துவிட்டு, கை பழகின மாதிரியே இருக்கிறது என்றார். டிராவில் பேஜ்மேக்கர் ஃபைல் திறந்தது. பிள்ளையார் படம் மட்டும் ஓரத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. சரி, இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்கை மொத்தமாக பேக்அப் எடுத்துவிட்டுத்தான் பார்ட்டிஷனில் (டிஸ்கைப் பிரிப்பதில்) கை வைப்பேன்.

பெரம்பூர்வாசி:
நல்லது. பேக்அப்பில் ஃபான்ட் ஃபோல்டரையும் மறக்காமல் சேருங்கள்.