கத்தரியில் வாராவாரம் மருந்து அடித்தும் காய்ப்புழு குறையவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
நட்டு 60 நாள். குருத்துகள் வாடித் தொங்குகின்றன, காயை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. வாரம் ஒருமுறை பைரித்ராய்டு மருந்து அடிக்கிறேன். புழு குறையாததோடு இலைக்கு அடியில் செம்பேனும் வெள்ளை ஈயும் பெருகிவிட்டன. மருந்தின் அளவைக் கூட்டலாமா?

பதில் 1:
கூட்டவே கூட்டாதீங்க. முட்டை பொரித்த சில மணி நேரத்திலேயே புழு குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, துளையைத் தன் எச்சத்தாலேயே அடைத்துக்கொள்ளும். மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது. வெளியே திரிந்து பூச்சிகளை ஒழிக்கும் பொறிவண்டும் சிலந்தியும் ஒட்டுண்ணிக் குளவியும்தான் சாகும். செம்பேன் பெருகுவதும் அதனால்தான்.

முதலில் கத்தரிக்கோலை எடுங்க. வாடிய குருத்தைத் துளைக்கு ஒரு விரல்கடை கீழே வெட்டி, பிளந்து பாருங்க. புழு இருந்தால் சரி. வெறும் சுரங்கம் வெட்டுவாய் வரைக்கும் ஓடினால் புழு இன்னும் கீழே இருக்கு, அடுத்த கணு வரை வெட்டணும். வெட்டியதை வரப்பில் வீசினால் உழைப்பு வீண். புழு வெளியே வந்து சருகுக்குள் கூடு கட்டிவிடும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்க. சொத்தைக் காய்க்கும் இதேதான். வாரம் ஒருமுறையாவது, விடாமல்.

கேட்டவர்:
இத்தனை குருத்தை வெட்டினால் காய்ப்பு குறையாதா ஐயா?

பதில் 1:
வாடிய குருத்து எப்படியும் காய்க்காது. கீழ்க்கணுவிலிருந்து பக்கக் கிளை வெடிக்கும்.

பதில் 2:
கூடவே இனக்கவர்ச்சிப் பொறி (இந்தப் புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சியில், பெண்ணின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிப்பது), ஹெக்டேருக்கு 12. செடியின் உச்சி மட்டத்தில் கட்டி, செடி வளர வளர உயர்த்துங்கள். பலர் கட்டிய உயரத்திலேயே விட்டுவிட்டு 'பொறி வேலை செய்யவில்லை' என்கிறார்கள். அதில் ஆண் அந்துப்பூச்சி மட்டுமே விழும். பக்கத்து வயலில் இணைசேர்ந்து வரும் பெண்ணை அது தடுக்காது. ஆகவே அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து வைத்தால்தான் முழுப் பலன். பழைய கத்தரிக் கட்டைகளை விறகுக்கு அடுக்கி வைத்திருந்தால் அதிலிருந்தும் அந்துப்பூச்சி கிளம்பும். வலை போட்டு மூடுங்கள்.

பதில் 3:
முட்டையிடுவதைக் குறைக்க 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல்: 10 லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் பருப்பு. இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். மாலையில் அடித்து அன்றைக்கே தீர்த்துவிடவும்.

இதற்கு மேலும் ரசாயனம் தேவைப்பட்டால், லேபிளில் கத்தரி என்று இருக்கும் மருந்து மட்டும். பெயரை மாற்றினால் போதாது, மருந்தின் வகை எண்ணும் (பூச்சியை எந்த விதத்தில் கொல்கிறது என்பதைக் குறிக்கும் எண்) மாறவேண்டும். காய் பறித்த பிறகு அடியுங்கள். லேபிளில் சொன்ன காத்திருப்பு நாள் முடியும்வரை அடுத்த பறிப்பு கூடாது.