பேனிக் அட்டாக் (திடீர்னு வர்ற பீதி, படபடப்பு): ஈசிஜி நார்மல்னு சொன்னதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?

ஜன்னலோரம்:
போன மார்கழி, விழுப்புரம் தாண்டி பஸ்ல. திடீர்னு நெஞ்சு அடைச்சு, மூச்சு இழுக்க இழுக்க பத்தல. ரெண்டு கை விரலும் மரத்து உள்பக்கமா கோணிக்கிச்சு. பக்கத்து சீட் அம்மா என் கையைத் தன் மடியில வெச்சு, ஒவ்வொரு விரலா நீவி விட்டாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பாதி அடங்கிடுச்சு. ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டிருக்கான்னு பார்க்கற ரத்த டெஸ்ட்) ரெண்டும் நார்மல். டூட்டி டாக்டர், "ஒண்ணுமில்ல தம்பி, கிளம்பலாம்"னார். அந்த ‘ஒண்ணுமில்ல’தான் இன்னும் உறுத்துது. ஒண்ணுமில்லாமயா விரல் கோணும்? மூணு மாசமா பஸ் ஏறல.

நைட்ஷிப்ட்:
டாக்டரைக் குத்தம் சொல்லாதீங்க. ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்லன்னு உறுதி பண்றதுதான் அங்க முதல் வேலை. தப்பு பண்ணது நான். பதட்டத்துக்குக் குடுத்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரம் படபடப்பு கூடிடுச்சு, ஒம்பதாம் நாள் நானே நிறுத்திட்டேன். அப்படிக் கூடலாம், பலன் தெரிய சில வாரம் ஆகும்னு எனக்குத் தெரியாது. ரெண்டாவது தடவை டாக்டர் பாதி டோஸ்ல தொடங்கினார். அஞ்சாவது வாரம் ஒரு காலைல குளிச்சு முடிச்சு துண்டு எடுக்கறப்பதான் உறைச்சுது, இன்னிக்கு நாடியைப் பிடிச்சே பார்க்கலையேன்னு. அப்படியே ஈரத்தோட நின்னு அழுதேன்.

செவ்வந்தி:
நைட்ஷிப்ட், இதை நான் ஒத்துக்க மாட்டேன். "இதயம் நல்லா இருக்கு, இது பேனிக் அட்டாக் மாதிரி தெரியுது, மனநல மருத்துவரைப் பாருங்க"ன்னு சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம் கிடைக்காம எனக்கு ரெண்டு வருஷம் போச்சு. எனக்கு லிஃப்ட்தான் பயம். சிபிடி (பயத்தைப் படிப்படியா எதிர்கொள்ளப் பழக்கற பேச்சு சிகிச்சை) பண்ண மேடம் கூடவே உள்ள வந்து, பயத்துக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடச் சொன்னாங்க. ஒம்பதுன்னேன். இறங்க விடல. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாலுக்கு வந்தப்பதான் கதவைத் தாண்டினோம்.

ஜன்னலோரம், விரல் கோணினது நிஜம். வேகவேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும், அதனாலதான் மரத்துப் போகும், இழுத்துக்கும். பேப்பர் பையில மூச்சு விடச் சொன்னா கேக்காதீங்க, நிஜமாவே ஹார்ட், ஆஸ்துமா பிரச்சினையா இருந்தா ஆபத்து. மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடுங்க, உச்சம் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள தாண்டிடும். தைராய்டு ஒரு தடவை பாருங்க, அது ஏறினாலும் படபடக்கும். காபியைக் குறைங்க. அடுத்த வீட்டுல இருக்கற அல்பிரசோலம் (பதட்டத்தை அடக்கற மாத்திரை) வாங்கிப் போடாதீங்க, உடனே அடங்கும், ஆனா பழகிடும். பழகினதைத் திடுதிப்புனு நிறுத்தினா வலிப்பு கூட வரலாம். யார்கிட்ட பேசறதுன்னு தெரியலன்னா 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

குமரிக்காற்று:
எனக்கு மாத்திரை கேட்டுது. வீட்டுலதான் கேக்கல. பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு அம்மா என் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க. வந்தவங்க போனதும் நான் கைய விட்டுத் துழாவறேன், அம்மா அடுப்படி வாசல்ல நின்னு "சத்தம் போடாத மக்ளே, பக்கத்து வீட்டுல கேக்கும்"ங்கறாங்க. முழங்கை வரைக்கும் அரிசி மாவு. சுகர் மாத்திரையை மட்டும் சாமி படத்துக்குக் கீழயே வெப்பாங்க.