குடித்துவிட்டு ஓட்டி ஒருவர் இறந்தால் 106-ஆ, 105-ஆ? (கறுப்பு அங்கி, குறுக்குவிசாரணை, சாட்சிக்கூண்டு: பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

கறுப்பு அங்கி: கார் மோதி ஒருவர் சாகிறார். எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 106(1), அதாவது கவனக்குறைவால் மரணம். ரத்தத்தில் மது இருந்தது தெரிந்ததும் போலீஸ் அதை 105, கொலையாகாத மரணம் என்று மாற்றுகிறது. 106(1) ஜாமீனில் விடக்கூடியது, அதிகபட்சம் 5 ஆண்டு. 105 செஷன்ஸ் வழக்கு, 10 ஆண்டு வரை. உள்நோக்கம் காட்டினால் ஆயுள்கூட. ஆகவே பிரிவு மாறிய அன்றே முன்ஜாமீன் போட்டு, "இது 106தான்" என்று முழு மூச்சாக வாதாட வேண்டும்.

குறுக்குவிசாரணை: முன்ஜாமீன் சரி. முழு மூச்சுதான் தப்பு. மனுவில் "பிரேக் பிடிக்கவில்லை" என்று எழுதிவிடுவீர்கள். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை "பிரேக் சரியாக இருந்தது" என்று வரும். அதோடு உங்கள் எதிர்வாதம் செத்தது. ஜாமீன் மனுவில் முகவரி, குடும்பம், விசாரணைக்கு ஒத்துழைப்பு, இவை போதும்.

கறுப்பு அங்கி: சார், சம்பவத்தைச் சொல்ல வேண்டாம், சட்டத்தைச் சொல்லலாமே. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. மதுவைத் தாண்டினால் அது மோட்டார் வாகனச் சட்டம் 185. அதுவே 105 ஆகாது. "மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்தார்" என்பதைக் காட்ட வேண்டும்.

குறுக்குவிசாரணை: அலிஸ்டர் பெரேரா வழக்கை மறந்துவிட்டீர்களா? 2006-ல் மும்பை நடைபாதையில் தூங்கியவர்கள் மேல் கார் ஏறி 7 பேர் இறந்தார்கள். கீழ்க்கோர்ட் கவனக்குறைவு என்றது. உயர் நீதிமன்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304-ன் (இன்றைய 105) இரண்டாம் பகுதிக்கு மாற்றி 3 ஆண்டு கொடுத்தது, 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கறுப்பு அங்கி: அங்கே குடி மட்டுமா இருந்தது? வண்டி நடைபாதைக்கே ஏறியது. உங்கள் வழக்கில் வேகம், எதிர்த்திசை, சிக்னல் மீறல் எதுவும் இல்லையென்றால் அதைத்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

குறுக்குவிசாரணை: பிரித்துக் காட்டும் இடம் வேறு. மாஜிஸ்திரேட் வழக்கை செஷன்ஸுக்கு அனுப்பிய (கமிட்) 60 நாளுக்குள் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 250-ன்படி டிஸ்சார்ஜ் மனு, அதாவது குற்றச்சாட்டு வனையும் முன்பே விடுவிக்கக் கோரும் மனு. முழு விடுதலை கிடைப்பது அரிது. ஆனால் 105 பொருந்தாது என்று நீதிபதி கருதினால், 251-ன்படி 106-க்குக் குற்றச்சாட்டு வனைந்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பலாம். அதற்குள் ரத்த மாதிரியைப் பாருங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து எடுத்தார்களா, குப்பியில் ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃப்ளோரைடு இருந்ததா, சீல் யார் வைத்தது, ஆய்வகத்துக்கு எத்தனை நாளில் போனது. பதப்படுத்தாத ரத்தம் நொதித்து மது தானாகவே உண்டாகலாம். வாசனை வந்தது என்ற மருத்துவக் குறிப்பு மட்டும் வைத்து அளவைச் சொல்ல முடியாது.

சாட்சிக்கூண்டு: இரண்டு பேரும் முதல் நாளை விட்டுவிட்டீர்கள். கடைகளின் சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி காவல் நிலையத்துக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் எழுத்தில் மனு கொடுத்து, கையொப்பமிட்ட நகல் வாங்குங்கள். போலீஸிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பொதுவாகச் சாட்சியாகாது. ஆனாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. முதல் ரிமாண்டிலேயே, அதாவது மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே, இலவச சட்ட உதவி கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-ஐ அழையுங்கள்.

கறுப்பு அங்கி: ரிமாண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. 105-ல் காவலில் இருப்பவர்மேல் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால், 91-ம் நாள் காலையிலேயே, கெடு தாண்டியதால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீனுக்கு மனு போடுங்கள். மதியம் அவர்கள் தாக்கல் செய்துவிட்டு முந்திக்கொள்ளப் பார்ப்பார்கள்.

குறுக்குவிசாரணை: இதில் மட்டும் உங்களோடு சண்டை இல்லை.