செஞ்சுளைப் பலா ஒட்டுக்கன்றில் மஞ்சள் சுளை: என்ன உரம் வைக்கணும்?

கேள்வி (பண்ருட்டி)

வணக்கம். ‘சித்து’ ரகம், செஞ்சுளை என்று சொல்லி வாங்கிய ஒட்டுக்கன்று. கொல்லையில் நட்டு ஆறு வருடம் ஆகிறது. செம்மண், தண்ணீர் தேங்காத இடம். இந்த ஆனியில்தான் முதல் காய்ப்பு, மூன்று பழம். மூன்றிலும் சுளை நல்ல மஞ்சள், சிவப்புச் சாயல்கூட இல்லை. இனிப்புக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் ஏழு கிலோவுக்கு மேல். மரத்திலேயே வாசம் வந்த பிறகுதான் இறக்கினோம். வருடம் இரண்டு கூடை தொழுவுரம் தவிர வேறு எதுவும் வைப்பதில்லை. எப்சம் உப்பு போட்டால் நிறம் ஏறும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு மஞ்சள் பலாவின் மகரந்தம் கலந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1 (மார்த்தாண்டம்)

எப்சம் உப்பு வாங்கக் கிளம்பியிருந்தால் நில்லுங்கள். அது மக்னீசியம். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் இலை வெளிறினால் அதற்கு உதவும், சுளைக்குச் சாயம் ஏற்றாது. செஞ்சுளையின் நிறம் கரோட்டினாய்டுகளால் வருவது. சித்துவில் லைகோபீன், தக்காளியில் இருக்கிற அதே நிறமி, கூடுதலாக இருக்கிறது. எவ்வளவு நிறமி சேர வேண்டும் என்பது ரகத்தோடு பிறந்த குணம்.

மகரந்தக் கதையும் சரியில்லை. சுளை என்று நாம் தின்பது பலாப்பூவின் இதழ்ப்பகுதி சதைப்பற்றாக வளர்ந்தது. அது முழுக்கத் தாய்மரத்தின் உடம்பு. பக்கத்து மரத்தின் பங்கு கொட்டைக்குள் இருக்கும் முளையில்தான் சேரும். அந்தக் கொட்டையை நட்டு வளர்த்தால் அந்த மரத்தில் வித்தியாசம் தெரியலாம். செஞ்சுளைப் பழத்தின் கொட்டையைப் போட்டாலே செஞ்சுளை கிடைக்கும் என்று நம்ப முடியாததற்கும் இதுதான் காரணம்.

நீங்கள் சொன்னதில் என் கண்ணில் பட்டது எடைதான். சித்து சிறிய பழம், சராசரி இரண்டரை கிலோ. ஏழு கிலோவுக்கு மேல் என்றால் அந்தப் பழம் வேறு மரத்துடையது. உங்கள் மரம் ஒற்றைத் தண்டா, இரட்டையா? ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? அடியிலிருந்து இளம் போத்து கிளம்பியிருந்தால் அதன் இலை எப்படி இருக்கிறது?

பதில் 2 (ஆலங்குடி)

முதிராமல் வெட்டினாலும் நிறம் வெளிறித்தான் இருக்கும். தட்டினால் ‘டப் டப்’ என்று தாழ்ந்த ஓசை வரணும், முள் அகன்று தட்டையாகணும், காம்புக்குப் பக்கத்து இலை மஞ்சளாகணும். ஆனால் வாசம் வந்து இறக்கினேன் என்கிறீர்கள், அதனால் இந்தக் காரணத்தைத் தள்ளிவிடலாம். மேலே அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கேட்டவர்

இரட்டைத் தண்டு. இடது தண்டு 11 செ.மீ. கனம், நேராக ஓங்கிப் போகிறது. வலது தண்டு 6 செ.மீ., சாய்ந்து, இடதின் நிழலில் நிற்கிறது. மூன்று பழமும் இடதில்தான். வலதில் ஆண் பூ மட்டும் வந்து கறுத்து உதிர்ந்தது. தழும்பு தெரியவில்லை, நடும்போதே அடியில் மண் அணைத்துவிட்டோம். இடது பக்கம் முட்டி உயரத்துக்கு ஒரு போத்து இருக்கிறது. அதன் இலை பலா இலை மாதிரியே இல்லை, மூன்று விரலாகப் பிளந்திருக்கிறது.

பதில் 1 (மார்த்தாண்டம்)

அந்த மூன்று விரல் இலைதான் விடை. பலாவின் இளங்கன்று இலை பிளந்திருக்கும், வயதான பின்தான் முழு இலை வரும். காய்க்கும் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி பெரும்பாலும் முழு இலையாகத்தான் தளிர்க்கும். அடிப்பக்கம் பிளந்த இலையோடு வந்தால் அது வேர்ச்செடியின் போத்து. வேர்ச்செடி என்பது கொட்டை முளைத்து வந்த, ஒட்டுக்குச்சியைத் தாங்கும் அடிக்கன்று.

கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மண்வெட்டி வேண்டாம். கையாலோ சிறிய கொத்தாலோ தண்டைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணை விலக்குங்கள். ஈரத்துணியால் பட்டையைத் துடையுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு முழங்கை வளைவோ, வீங்கிய வளையமோ இருக்கும். அதன் கீழும் மேலும் பட்டையின் சொரசொரப்பும் நிறமும் மாறும். எந்தத் தண்டு அந்த வளைவுக்கு மேலிருந்து பிரிகிறது, எது கீழிருந்து பிரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வலதில் ஆண் பூ கறுத்து உதிர்ந்தது நோயில்லை. மகரந்தம் கொட்டிய பிறகு அது அப்படித்தான் போகும். ஆண் பூவின் காம்பு மெலிதாக இருக்கும். பிஞ்சாகிற பெண் பூவுக்குக் காம்பு கனமாக, மேலே ஒரு வளையத்தோடு இருக்கும். இளம் பிஞ்சே சாம்பல் பூத்துக் கறுத்து அழுகினால் அது ரைசோபஸ் அழுகல். அந்தப் பிஞ்சைப் பொறுக்கி அழித்துவிட்டு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் தெளிக்கணும்.

கேட்டவர்

தோண்டிப் பார்த்தாச்சு. மண்ணுக்கு நாலு விரல் கீழே வளைவு இருக்கிறது. வலது தண்டு அதற்கு மேலிருந்து போகிறது. இடது தண்டு வளைவுக்குக் கீழே பக்கவாட்டில் கிளம்பியிருக்கிறது. வளைவின் ஓரத்தில் பட்டை லேசாகக் கறுத்து ஈரமாக இருக்கிறது. இடதை இப்போதே அடியோடு அறுத்துவிடட்டுமா?

பதில் 3 (குலசேகரம்)

அறுத்துவிடுங்கள். வளைவுக்குக் கீழே கிளம்பிய இடது தண்டு வேர்ச்செடி, மஞ்சள் சுளை அதனுடையது. வேர்ச்செடி ஓங்க ஓங்க ஒட்டு நலிந்து ஒரு நாள் பட்டுப்போகும். ஆறு வருட வேர் முழுவதும் வலதுக்குக் கிடைத்தால் இரண்டே வருடத்தில் தண்டு கனத்துவிடும்.

பதில் 1 (மார்த்தாண்டம்)

இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு காரணம். 11 செ.மீ. தண்டை ஒட்டு வளைவுக்குப் பக்கத்திலேயே ஒரேயடியாக அறுத்தால் அந்தக் காயம் ஐப்பசி மழைக்குள் மூடாது. அழுகல் வளைவுக்குள் இறங்கும். நிழலில் வளர்ந்த வலது தண்டின் பட்டையும் திடீர் வெயிலில் வெடிக்கும். இன்னொன்று, வலது தண்டு ஒட்டுக்குச்சியிலிருந்து வந்தது என்பதுதான் உறுதியாகியிருக்கிறது. அந்தக் குச்சி செஞ்சுளை மரத்துடையதா என்பதை ஒரு பழம் அறுத்தால்தான் சொல்ல முடியும். அதற்கு முன் காய்க்கிற தண்டை ஏன் இழக்கணும்?

இப்போது அணைத்த மண்ணை விலக்கி, வளைவு காற்றில் படும்படி விடுங்கள். கறுத்த பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை கத்தியால் சுரண்டி போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறு வாளியில் அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். பிறகு துத்தநீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். அதில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றன்றைக்குக் கலந்தது அன்றைக்கே தீரணும்.

இடது தண்டில் வலது பக்கம் கவிந்த கிளைகளை மட்டும் இந்த ஆடியில் எடுங்கள். மொத்த இலையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு கிளையையும் முதலில் அடிப்பக்கம் கால் பங்கு அறுத்துவிட்டு மேலிருந்து அறுக்கணும். இல்லாவிட்டால் கிளையின் பாரம் தண்டுப் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். பிளந்த இலைப் போத்துகளைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விரலாலேயே கிள்ளிவிடுங்கள்.

வலதில் பழம் அறுத்துச் சிவப்பு என்று கண்ட பிறகு, அறுவடை முடிந்து இடதைப் பாதி உயரத்துக்குக் குறையுங்கள். அடுத்த தையில், மழை முழுக்க ஓய்ந்த பிறகு, அடியில் சாய்வாக அறுங்கள். மேல்மட்டத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது.

பதில் 2 (ஆலங்குடி)

இடதை அழிக்காமல் தலைமாற்றியும் விடலாம். சிவப்பு உறுதியான பிறகு, ஆடியில் இடது தண்டை இடுப்பு உயரத்தில் அறுத்தால் 40–60 நாளில் போத்து வெடிக்கும். நாலைந்து போத்தை மட்டும் விடுங்கள். பென்சில் கனம் வந்ததும், காற்றில் ஈரம் நிற்கிற புரட்டாசி, ஐப்பசியில் வலது தண்டின் நுனிக்கிளையிலிருந்து குச்சி எடுத்து, அதன் அடியை ஆப்பாகச் சீவிப் போத்தின் பிளவில் செருகி ஆப்பு ஒட்டுப் போடலாம். குச்சியை வெட்டுவதற்கு எட்டு, பத்து நாள் முன்பே காம்பு நிற்கும்படி இலையைக் கிள்ளிவிடணும், அப்போதுதான் மொட்டு உப்பும். குச்சி 10–12 செ.மீ., ஆப்பு 3–4 செ.மீ. பலாவில் ஒட்டு தோற்பதற்குப் பாதிக் காரணம் பால்தான். வெட்டுவாயில் வடியும் பாலைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உடனே சேர்த்து, ஒன்றரை செ.மீ. அகல பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஐஸ் கவர் மாட்டுங்கள். மூன்று, நாலு வாரத்தில் தளிர் தெரிந்தால் கவரை எடுத்துவிடலாம்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. மண்ணை விலக்கிவிட்டேன். பசையும் தடவியாச்சு. உரம் எதுவுமே வேண்டாமா?

பதில் 1 (மார்த்தாண்டம்)

மரத்துக்கு வேண்டும், நிறத்துக்கு இல்லை. ஆறு வயது மரத்துக்கு வருடம் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.6 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2.5 கிலோ, பொட்டாஷ் 830 கிராம் என்பது கணக்கு. வைகாசியில் பாதி, புரட்டாசியில் பாதி, தண்டிலிருந்து மூன்று அடி தள்ளி வட்டமாக. கிளை குறைக்கிற இந்த வருடம் யூரியாவைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் அது அடிப்போத்துக்குத்தான் தீனி.

வலதில் பழம் வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். ரகத்தின் சிவப்பு சுளை முழுக்க ஒரே சீராக, செம்பு நிறத்தில் இருக்கும். சுளையிலும் சுளைகளுக்கு இடையிலுள்ள சடையிலும் துருப் பிடித்தது போலக் கீற்றும் புள்ளியுமாக இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் நோய், பிலிப்பைன்ஸிலும் மலேசியாவிலும் கண்டது. அப்படி இருந்தால் அந்த மரத்திலிருந்து குச்சி எடுக்காதீர்கள்.