வேலூர் 1806: தலைப்பாகையில் இருந்த தோல் குஞ்சத்துக்காகவா அத்தனை உயிர்?

கேட்டவர்: பேரணாம்பட்டு அப்பா

எல்லாருக்கும் வணக்கம். நான் தோல் பதனிடும் இடத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். எட்டாவது படிக்கும் என் மகள் ஜூலை 10 அன்று பள்ளியில் வேலூர்ப் புரட்சியைப் பற்றிப் பேச வேண்டும்; 1806-இல் அதே நாளில் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்தது அது. போன ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அகழி ஓரத்தில் உட்கார்ந்து படித்துக் கொண்டிருந்தவள், புதுத் தலைப்பாகையில் தோல் குஞ்சம் வைத்ததால் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "அப்பா, நீ தினமும் தோலைத்தானே தொடுற? இதுக்கா சண்டை?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. தோல் வேலை செய்பவன் என்று என் அப்பாவைத் திண்ணையில் ஏறவிடாத வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன. அந்தச் சிப்பாய்களின் கோபமும் அதே தீட்டுக் கோபம்தானா? அப்படியென்றால் என் பிள்ளை அதை மேடையில் எப்படிப் பெருமையாகப் பேசுவாள்?

பதில்: ராணிப்பேட்டை வாத்தியார் (ஓய்வு)

தம்பி, நியாயமான கேள்வி. தீட்டு அதில் இல்லவே இல்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன். பசுத் தோலோ பன்றித் தோலோ என்ற பயம் இரண்டு மதத்தாருக்கும் இருந்தது. ஆனால் அந்தச் சிப்பாய்கள் மார்பில் குறுக்கே தோல் வார் மாட்டித்தான் தினமும் அணிவகுத்தார்கள். அதை எதிர்த்து யாரும் துப்பாக்கி தூக்கவில்லை. சென்னைப் படையில் அந்தக் காலத்திலேயே பறையர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

கோபம் வேறு இடத்தில். நெற்றியில் நீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழி, மீசையைச் சொன்ன அளவில் வெட்டு. அதற்கு மேல், தொப்பி மாதிரியே இருக்கும் தலைப்பாகை. அன்று தொப்பி என்றால் வெள்ளைக்காரன். அடுத்தது மதம் மாற்றம்தான் என்று ஊரே பேசியது. 1806 மே மாதம் மறுத்தவர்களில் 21 பேரை விசாரித்தார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி. மற்றவர்களுக்கு 500, மன்னிப்புக் கேட்டதால் விட்டார்கள். உன் மகள் அந்த 900-ஐச் சொல்லட்டும். நூறு எண்ணிப் பார்த்தாலே வாய் வலிக்கும்.

பதில்: மக்கான் பக்கத்து ஆள்

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் திப்புவை விட்டுவிட்டால் கதை பாதிதான். 1799-இல் அவர் விழுந்த பிறகு பிள்ளைகளை இதே கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். புரட்சிக்கு முந்தின நாள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். விடிந்தால் அணிவகுப்புப் பயிற்சி என்று சிப்பாய்கள் இரவு கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். அதிகாலை இரண்டு மணிக்குச் சுட ஆரம்பித்தார்கள். 69-ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேல் செத்தார்கள்; பலர் படுக்கையிலேயே. அதையும் மறைக்க வேண்டாம். அப்புறம் மைசூரின் புலிக்கொடி ஏறியது.

கோட்டையைப் பிடித்தவர்கள் கதவைக் காக்காமல் கொள்ளையில் சிதறினார்கள். ஆற்காட்டிலிருந்து 25 கிலோமீட்டர் குதிரையில் வந்த வெள்ளைக்காரப் படை அதிகாரி கில்லெஸ்பி காலையிலேயே உள்ளே நுழைந்துவிட்டார். அரண்மனைக்குள் ஒளிந்த நூறு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பிறகு விசாரித்துத் தண்டித்தவர்களில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள்.

அவர்கள் மனதில் 'இந்தியா' இருந்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. திப்புவின் வீடு இருந்தது, சொந்த முகம் இருந்தது. ஆனால் கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள், தலைப்பாகை உத்தரவும் போனது. 1857-க்கு 51 வருடம் முன்பு!

கேட்டவர்: பேரணாம்பட்டு அப்பா

இரண்டு பேருக்கும் நன்றி. மார்பு வார் விஷயத்தை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ கட்டாயப்படுத்தினதுதான் கோபம். ஆனா தாத்தாவைத் திண்ணையில் ஏறவிடாததும் கட்டாயம்தானே, அதையும் பேசலாமா?" என்றாள். பேசு என்றேன். டீச்சரிடமும் கேட்டுவிட்டு எழுதுகிறாள். 10-ஆம் தேதி காலையில் முதல் பஸ்ஸில் வேலூர் மக்கானில் இருக்கும் புரட்சி நினைவுத் தூணுக்குப் போய்ப் பூ வைத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பலாம் என்று இருக்கிறோம்.