பாஸ்கெட்பாலில் எதிரணி ஸோன் போட்டால் எங்கள் டீம் நின்றுவிடுகிறது, அவசரம்

ஆறாம் ஆள்:
நாளை மாலை மேட்ச். போன வாரம் இதே டீம் ஸோன் (ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) போட்டதும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே நின்று பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம், கடைசியில் யாராவது தூரத்திலிருந்து வீசுவார், விழாமல் திரும்பி வரும் பந்து, அதாவது ரீபவுண்ட், அவர்களுக்கு. நாங்கள் பழகியது எல்லாம் மேன் டு மேனுக்கு, ஆளுக்கு ஆள் பிடிப்பதற்கு. ஏதாவது சொல்லுங்கள், ப்ளீஸ்.

விசில்:
எந்த ஸோன்? 2-3, 3-2, 1-3-1? ஷாட் கிளாக் (கூடைக்கு எறிய நேர வரம்பு) உண்டா?

கார்னர் த்ரீ:
எந்த ஸோனாக இருந்தால் என்ன, ஒரே மருந்து ஷூட்டிங்தான். இரண்டு கார்னரிலும் ஆளை நிறுத்துங்கள், எறிந்துகொண்டே இருங்கள். நாலு விழுந்தால் அவர்களே ஸோனை எடுத்துவிடுவார்கள்.

விசில்:
விழுந்தால்! அவருக்குப் பிரச்சினையே விழாததுதானே.

பழைய சென்டர்:
இந்தக் கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் சொல்வது? அடிப்படை தெரியாமல் செட் ப்ளேயை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான். எந்த ஸோன் என்றுகூடப் பார்க்காமல் ஒரு மேட்ச் முழுக்க ஆடியிருக்கிறீர்களே தம்பி.

ஆறாம் ஆள்:
மன்னிக்கவும், முன்னால் 2 பேர், பின்னால் 3 பேர். கிளாக் 24 நொடி.

பாயிண்ட் கார்டு:
2-3 என்றால் ஓட்டை நடுவில். ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவரை நிறுத்துங்கள். உயரம் முக்கியமில்லை, பந்து வாங்கியதும் கூடைப் பக்கம் திரும்பி நாலா பக்கமும் பார்க்கத் தெரிய வேண்டும். பந்து அங்கே போய்விட்டால் பின்வரிசை நடு ஆள் மேலே ஏறி வந்தே ஆக வேண்டும். வந்தால் பேஸ்லைனில் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோடு) பெயின்டுக்கு, அதாவது கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குச் சற்று வெளியே நிற்கும் உங்கள் ஆளுக்கு பாஸ், வரவில்லையா, அங்கேயே ஷாட். மேலே, கூடைக்குத் தூரத்தில், உங்கள் ஆள் ஒரே ஒருவர், அவர்களின் முன்வரிசை இரண்டு கார்டுகளுக்கு நடுவில். அவர்கள் முன்னால் இரண்டு பேர் என்று நீங்களும் இரண்டு பேரை வைத்தால் அவர்களுக்கு வேலை சுலபம், ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் பாஸுக்கு முன் ஒரு ஃபேக். பந்தைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பக்கம் காட்டினாலே ஸோன் அங்கே சாயும், உடனே நடுவில் இருப்பவர்களைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஸ்கிப் பாஸ்.

விசில்:
நடுவில் நிற்பவர் காலைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தக் கோடும் பெயின்டில் சேர்த்திதான், மிதித்தாலே 3 நொடிக் கணக்கு ஓடும், அதைத் தாண்டி நின்றால் விசில். ரீபவுண்டுக்குப் பந்து இல்லாத பக்கத்திலிருந்து உள்ளே ஓடுங்கள். ஸோனில் யார் யாரை மறிப்பது என்பதில் எப்போதும் குழப்பம் இருக்கும்.

பழைய சென்டர்:
ஸோனே சோம்பேறி டிஃபென்ஸ். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் 2001 வரை அதற்கு இடமே இல்லை.

கார்னர் த்ரீ:
2003இல் அமெரிக்கக் கல்லூரி டீம்களில் சிரக்யூஸ் சாம்பியன் ஆனதே 2-3 ஸோனை வைத்துத்தான். ஃபைனலின் கடைசி நொடிகளில் எதிரணி கான்சாஸ் ஆள் கார்னரிலிருந்து எறிந்த த்ரீயை (3 புள்ளி ஷாட்) சிரக்யூஸின் ஹக்கீம் வாரிக் உள்ளேயிருந்து பாய்ந்து வந்து தட்டிவிட்டாரே, அதுவா சோம்பேறித்தனம்?

பழைய சென்டர்:
அந்த டீமில் இருந்த கார்மெலோ ஆன்டனி மாதிரி ஆள் இருந்தால் நானும்தான் ஸோன் போடுவேன்.

கார்னர் த்ரீ:
ஆன்டனி இருந்தது அஃபென்ஸுக்கு. பேசுவது டிஃபென்ஸ் பற்றி.

விசில்:
கேள்வி கேட்டவரை விட்டுவிட்டீர்கள்.

ஆறாம் ஆள்:
மேட்ச் முடிந்தது, 4 புள்ளியில் தோற்றோம். நடுவில் ஆள் நிறுத்தியது வேலை செய்தது, மூன்றாவது குவார்ட்டரிலேயே ஸோனை எடுத்துவிட்டார்கள். 3 நொடிக்கு மட்டும் இரண்டு தடவை விசில். நடுவில் நின்றது நான்தான்.